மனைவிக்கு நல்ல கேமரா வாங்கணும்: பாடியை மாற்றவா, லென்ஸை மாற்றவா?

எல்லைக்கடை:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு ஊர் சூளூர்பேட்டை. கடை போர்டில் தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், மனைவி வீட்டிலேயே தையல். மகள் பிறந்த சமயத்தில் வாங்கிய நிகான் டி3500 இருக்கிறது. கூடவே 18-55, 70-300 என்று இரண்டு லென்ஸ். முதல் நாலு வருஷம் குழந்தை படம்தான். இந்த இரண்டு வருஷமாக அவளுக்குப் பறவைதான் எல்லாம். ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலையில், பழவேற்காடு ஏரி நடுவே, ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பூநாரை எடுக்கிறாள். சீசனில் நேலபட்டு பறவைகள் சரணாலயம் போய்க் கூழைக்கடாக் கூடுகளையும் எடுப்பாள். தையல் அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், எந்தப் பறவை, எத்தனை என்று எழுதி வைக்கிறாள். பொழுதுபோக்கு என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிரச்சினை இதுதான். பூநாரை படம் ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்து கரைந்துபோய் இளஞ்சிவப்புத் தீற்றலாக இருக்கிறது. "கண்ணு தெரியணுங்க, கண்ணு தெரியாத பறவை படமே இல்ல" என்கிறாள். போன வாரம் நாற்பது படத்தை அழித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஒரு கடையில் கேட்டேன், ஃபுல் ஃபிரேம் பாடிக்கு, அதாவது பெரிய சென்சார் உள்ள கேமரா உடலுக்கு, மாறுங்கள் என்றார்கள். என்னிடம் ஒரு லட்சம் இருக்கிறது. தை மாதம் எங்கள் கல்யாண நாள், அவளுக்குச் சொல்லாமல் வாங்கிக் கொடுக்க ஆசை. எது வாங்கலாம்?

பழுதுமேசை:
அண்ணே, காசை எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்க. மங்கலான படம் எந்த நேரத்தில் எடுத்தது? ஷட்டர் வேகம் எவ்வளவு? (படத்தின் விவரத்தில் இருக்கும்.) 70-300 லென்ஸின் முகப்பில் தனியாக ஒரு கண்ணாடி ஃபில்டர் திருகியிருக்கிறதா? இருபது வருஷமாகக் கேமரா, லென்ஸ் பிரித்து மாட்டுகிறேன். "படம் ஷார்ப்பா இல்ல" என்று என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் கேமராவில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை.

அந்த ஃபுல் ஃபிரேம் யோசனையை மட்டும் இப்போதே விட்டுடுங்க. அதே 300 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேமில் போட்டால் பறவை இன்னும் சின்னதாகத் தெரியும். சென்சார் சின்னது என்பதால் உங்கள் டி3500-ல் 300 என்பது 450 அளவுக்கு நெருக்கிக் காட்டுகிறது. தூரத்துப் பறவைக்கு அந்த ஒன்றரை மடங்கு பெரிய லாபம்.

எல்லைக்கடை:
மெமரி கார்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏறக்குறைய எல்லாமே காலை 9.45-லிருந்து 11.15-க்குள். ஆட்டோ மோடில் ஷட்டர் 1/200, 1/250 வினாடி. ஆமாம், முகப்பில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. கேமரா வாங்கும்போது லென்ஸுக்குப் பாதுகாப்பு என்று கடையில் மாட்டிக் கொடுத்தது.

பழுதுமேசை:
முதலில் அதைக் கழற்றுங்க. 300-ல் வைத்து எடுக்கும்போது மலிவான ஃபில்டர் ஒன்றே படத்தை மழுங்கடிக்கும். லென்ஸ் ஹுட் மாட்டினால் போதும், அதுவே பாதுகாப்பு.

அடுத்து ஒரு சோதனை. சாலையோர மைல்கல் எதையாவது பதினைந்து இருபதடி தள்ளி நின்று, 300-ல் வைத்து எடுக்கச் சொல்லுங்க. ஷட்டர் 1/1000. கல்லில் எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி வந்தால் லென்ஸும் பாடியும் நலம்.

மூன்றாவதுதான் முக்கியம். பத்து மணிக்கு மேல் வெயிலில் சேறு சூடாகிவிடும். அதன் மேல் காற்று நெளியும். கானல் என்கிறோமே, அதேதான். நூறு இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிற பூநாரையை அந்தக் கானல் வழியாகத்தான் எடுக்கிறார்கள். பத்து லட்ச ரூபாய் லென்ஸ் போட்டாலும் அதே தீற்றல்தான் வரும், லென்ஸ் பெரிதாகப் பெரிதாகக் கானலும் பெரிதாகும்.

ஏரிக்கரை:
நானும் அந்தச் சாலைக்குத் தடாவிலிருந்து வருகிறவள்தான். தம்பி, அவங்க ஏன் ஒன்பதே முக்காலுக்குப் போறாங்க? ஆறரைக்கு அங்கே நின்றால் வேறு ஏரி அது. காற்று அசையாது, பறவைகள் சாலைக்கு ரொம்பக் கிட்டே மேயும். சாலை கிழக்கு மேற்காகப் போகிறது. தை மாசத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து இருப்பதால் வடக்குப் பக்கம் மேய்கிற பறவைகளுக்கு முகத்தில் வெளிச்சம் விழும். தெற்குப் பக்கம் பார்த்து எடுத்தால் எல்லாம் கருத்துப்போகும்.

எல்லைக்கடை:
அக்கா, எட்டே முக்காலுக்கு மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு, பாத்திரம் துலக்கி முடித்துத்தான் கிளம்புவாள். நான் எட்டு மணிக்கே கடை திறந்துவிடுவேன்.

ஏரிக்கரை:
அப்படியென்றால் கேமராவுக்கு முன்னால் நீங்கள் வாங்கித் தர வேண்டியது அந்த இரண்டு மணி நேரம் தம்பி. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைக்கு ஜடை பின்னி, டிபன் கட்டி, ஸ்கூலில் விடுகிற வேலை உங்களுடையது. கடையை ஒன்பது மணிக்குத் திறங்கள். தப்பாக எடுத்துக்காதீங்க, எனக்கும் இதே கதைதான், என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒரு நல்ல படம் கிடைத்தது.

இன்னொன்று. சொல்லாமல் வாங்காதீர்கள். லென்ஸ் கையில் எப்படி உட்கார்கிறது, தோள் தாங்குமா என்பது தூக்குகிறவருக்குத்தான் தெரியும்.

நெய்தல்:
எடைக்காகச் சொல்கிறேன். கேனான் ஆர்10 பாடியும் ஆர்.எஃப். 100-400 லென்ஸும் சேர்ந்தே ஒரு கிலோ சொச்சம்தான். அந்த லென்ஸ் 635 கிராம். பாடி பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். ஸ்கூட்டரில் போகிறவருக்கு இதைவிடச் சுகமானது இல்லை. புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது மட்டும் குறை.

பழுதுமேசை:
நல்ல ஜோடிதான், மறுக்கவில்லை. ஆனால் 400-ல் எஃப்/8, அதாவது லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் குறைவு. அவங்க இனிமேல் போகப் போவது ஆறரை மணி வெளிச்சத்துக்கு. பறக்கிற பறவையை 1/1600-ல் நிறுத்த ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) எங்கேயோ போய்விடும், படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

என் யோசனை: டி3500-ஐ வைத்துக்கொண்டு, நிகான் 200-500 எஃப்/5.6 பழையதாகப் பாருங்க. 2015-ல் வந்த லென்ஸ். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் டி3500-ல் ஆட்டோஃபோகஸ் தடையில்லாமல் வேலை செய்யும். 300-லிருந்து 500 போனால் படத்தில் பறவை பிடிக்கிற பரப்பு இரண்டே முக்கால் மடங்கு ஆகும். எந்த பாடியை மாற்றினாலும் இது கிடைக்காது. நிகானின் புது இசட்50-2 பாடி வாங்கினால்கூட 20.9 மெகாபிக்சல்தான், கையில் இருக்கும் டி3500-ல் 24.2.

பாடி எங்கே ஜெயிக்கும் என்றால் பறக்கிற பறவையில். டி3500-ல் 11 ஃபோகஸ் புள்ளி, அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் வலுவானது. இசட்50-2 பறவையை அடையாளம் கண்டு தொடரும். அதை அடுத்த வருஷம் வாங்குங்க. பழைய நிகான் லென்ஸை இசட் பாடியில் மாட்டுகிற எஃப்.டி.இசட் அடாப்டர் போட்டால் இதே 200-500 அதிலும் ஓடும், போட்ட காசு வீணாகாது.

குறை எடைதான். 2.3 கிலோ. ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று கட்டாயம் வேணும்.

பழையது வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்க. உள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏரிக்காற்றில் உப்பு அதிகம், வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்த துணியால் வெளிப்பக்கம் துடைக்கணும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க.

நெய்தல்:
எஃப்/8 விஷயம் நியாயம். ஒரே ஒரு வேண்டுகோள். பறக்கிற படம் வேணும் என்று யாராவது கை தட்டியோ, சேற்றில் இறங்கியோ கூட்டத்தைக் கிளப்பினால் உங்கள் மனைவி தடுக்கட்டும். தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசி வயிற்றை நிரப்புகிற பறவை அது. நாலு முறை கிளப்பிவிட்டால் அன்றைய காலை தீனி போயிற்று. நேலபட்டில் கூடு கட்டுகிற காலம் என்றால் இன்னும் கவனம்.

எல்லைக்கடை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மைல்கல் சோதனை செய்தோம். ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவள் அந்தக் கண்ணாடியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டாள். செவ்வாய், வெள்ளி காலை மகள் என் பொறுப்பு. ஜடை இன்னும் கோணலாகத்தான் வருகிறது, மகள் பொறுத்துக்கொள்கிறாள்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் எட்டரைக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேமராவை நீட்டினாள். அதே பழைய 70-300. வளைந்த அலகின் நுனியில் ஒரு சேற்றுத் துளி தொங்குகிறது. மேலே மஞ்சள் கண், அதற்குள் சூரியன் ஒரு புள்ளியாக.

கல்யாண நாள் விஷயத்தை அப்போதே சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. பழுதுமேசை அண்ணன் சொன்ன 200-500 சென்னையில் ஒருவரிடம் இருந்தது. இரண்டு பேரும் போனோம். டார்ச் அடித்துப் பார்த்தது அவள்தான். கையில் பிடித்துப் பத்து நிமிஷம் தெருவில் போகிற காக்கையைத் தொடர்ந்தாள். கை நடுங்கியது, ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வைத்ததும் நின்றது. "இதுவே போதும், பாடி அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். மீதிப் பணத்தை அந்த அடாப்டர் கணக்குக்கு என்று அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

அவள் கேட்கச் சொன்ன ஒரு சந்தேகம் மட்டும்: பறக்கும்போது என்ன செட்டிங்?

பழுதுமேசை:
ரொம்ப சந்தோஷம் அண்ணே. எஸ் மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற மோடு) 1/1600, ஆட்டோ ஐ.எஸ்.ஓ., உச்சவரம்பு 3200. ஃபோகஸ் ஏ.எஃப்.-சி (அசைகிறதை விடாமல் தொடர்வது), நடுப்புள்ளி ஒன்று மட்டும். பறவை கிளம்பின பிறகு தேடாமல், தூரத்தில் வரும்போதே பிடித்து அதோடு சேர்ந்து திரும்பணும். முதலில் சாலையோரக் கொக்கை வைத்துப் பழகச் சொல்லுங்க, அது மெதுவாகப் பறக்கும்.

ஏரிக்கரை:
வர்ற செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்கு நான் அங்கே இருப்பேன், நீலக் குடை வைத்திருப்பேன். அவங்களை வரச் சொல்லுங்க தம்பி.