மூர்கேட் சுரங்கத்து 313: ஏறியவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். 2011இலிருந்து நாலு வருடம் வடக்கு லண்டனில், ஹார்ன்ஸியில் குடியிருந்தேன். நகர மையத்தில் இருக்கும் மூர்கேட்டுக்கு வேலைக்குப் போனது முழுக்க 313 என்ற வகை மின்ரயிலில்தான். மூன்றே பெட்டி. காலை நெரிசலுக்கு இரண்டைச் சேர்த்து ஆறாக ஓட்டுவார்கள்.

எனக்குப் பிடித்தது டிரேட்டன் பார்க் நிலையம். அதுவரை மேல்கம்பியில் 25,000 வோல்ட், அதற்குப் பின் சுரங்கத்துக்குள் மின்சாரத்துக்கென்றே பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட். ரயில் நின்றதும் நடுப்பெட்டிக் கூரையில் இருக்கும், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபை ஓட்டுநர் இறக்குவார். இரைச்சல் சட்டென்று அடங்கி, பக்கத்து ஆள் பேப்பர் புரட்டுவதுகூடக் கேட்கும். பிறகு மறுபடி உறுமல், உடனே இருட்டு.

—

அந்தச் சுரங்கத்தின் கதை தெரியுமா? 1904இல் திறந்தபோதே பெரிய ரயில்கள் போகட்டும் என்று 16 அடி விட்டத்தில் குடைந்தார்கள். ஆனால் அந்தப் பெரிய ரயில்களை ஓட்டிய மெயின் லைன் கம்பெனி வர மறுத்துவிட்டது. வெகுகாலம் அதில் ஓடியது பாதாள ரயில்தான். வெளியூர் ரயில் உள்ளே வர 1976 ஆனது, வந்தது 313. எழுபத்திரண்டு வருடக் காத்திருப்பு!

நான் எப்போதும் முன்பெட்டியில் நிற்பேன். ரயிலின் முகத்திலேயே ஒரு கதவு இருக்கும். சுரங்கத்தில் பக்கவாட்டில் இறங்க இடமில்லையே, ஆபத்தென்றால் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நல்லவேளை, ஒருநாளும் தேவைப்படவில்லை.

—

நீங்கள் அரைமணி நேரப் பயணக்காரர்கள், ரசிக்கலாம். என் கதை வேறு. 2010இல் பத்தொன்பது 313களைப் பிரைட்டன் கடற்கரைப் பாதைக்கு அனுப்பினார்கள். கழிப்பறை கிடையாது. நகரத்துக்குள் ஓடக் கட்டிய வண்டி, சரி. அதிலேயே போர்ட்ஸ்மத் வரை போகச் சொன்னால்? ஒருமுறை கைக்குழந்தையோடு பாதி வழியில் இறங்கி, ஸ்டேஷன் கழிப்பறையைத் தேடி ஓடி, அடுத்த ரயிலுக்குக் காத்து நின்றேன். பழைய நீலம்-சாம்பல் வண்ணம் பூசிய 313201 என்ற எண் கொண்ட வண்டியைப் படமெடுக்க ஒரு கூட்டம் அலையும். எனக்குக் கோபம்தான் வரும். 2023இல் எல்லாம் போனது, நிம்மதி.

—

தொடங்கியவன்தான். மேலே சொன்னது நியாயம்தான். மூர்கேட் பக்கம் 2019 செப்டம்பரோடு நின்றுவிட்டன. இப்போது 717 என்ற புது வகை ரயில்: ஏசி, ஆறு பெட்டியும் ஒன்றுக்கொன்று திறந்தபடி. வசதிக்குக் குறையில்லை. மின்சாரம் இன்னமும் டிரேட்டன் பார்க்கில்தான் மாறுகிறது. போன மாதம் அங்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதி வரவில்லை.