கைத்துப்பாக்கிக்குச் சப்ரஸர்: வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆஸ்டின்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் த்ரெட்டட் பேரல் (முனையில் மரை வெட்டிய குழல்) போட்ட 9 எம்எம் கிளாக் 19 ஒன்றும், .45 சுடும் எஃப்என்எக்ஸ் 45 டாக்டிகல் ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு .45 சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது, ‘கேன்’ என்றும் சொல்வோம்) வாங்கலாமா, இல்லை 9 எம்எம்முக்கென்று தனியாக வாங்கலாமா என்று யோசனை. 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டதில் இருந்து கூட்டத்தில் கடைக்காரரிடம் நின்று பேசவே முடிவதில்லை. கம்பெனிக்காரர்கள் சொல்லும் டெசிபல் எண்களையெல்லாம் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசம்தான் தெரிகிறது, முடிவுக்கு வர முடியவில்லை. ஃபார்ம் 4 என்ற அரசு விண்ணப்பம், கைரேகை, போட்டோ எல்லாம் தெரியும், அதை விட்டுவிடுங்கள். கையில் பிடித்துச் சுட்டபோது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் அண்ணாச்சி:

தம்பி, முதலில் அந்த எக்ஸெல்லை மூடி வையுங்கள். ரைஃபிளுக்கு அது கொஞ்சம் உதவும். கைத்துப்பாக்கியில் சத்தம் எவ்வளவு குறையும் என்று பார்ப்பதற்கு முன்னால், அடுத்த தோட்டா தானாக ஏறுமா என்று பார்க்க வேண்டும்.

போன கோடையில் ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒரு பையன். கிளாக் 17, முனையில் தடியாக ஒரு கேன். ஒரு ரவுண்டு சுடுவான், ஸ்லைடு பாதி தூரம் வந்து நின்றுவிடும். காலிக் கேஸ் பாதி உள்ளே, பாதி வெளியே. கையால் இழுத்துத் தட்டிவிட்டு மறுபடி சுடுவான், மறுபடி அதே கதை. தோட்டாதான் மட்டம் என்று கவுண்டருக்குப் போய் வேறு பெட்டி வாங்கி வந்தான். அதிலும் அப்படியே. துப்பாக்கியைக் காலி செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கேனை நேராகக் குழலில் திருகியிருந்தான். உள்ளே பூஸ்டர் கிடையாது. அவனுடைய கார்பைனுக்கு (குட்டை ரைஃபிள்) வாங்கிய கேனாம் அது.

கிளாக் மாதிரியான துப்பாக்கிகளில் சுட்டதும் குழலும் ஸ்லைடும் கோத்தபடி சிறிது தூரம் பின்னால் வரும். அப்புறம் குழலின் பின்பக்கம் கீழே சாயும், அப்போதுதான் ஸ்லைடு பிரிந்து போய்க் கேஸை வெளியே தள்ளும். குழலின் நுனியில் பத்து, பன்னிரண்டு அவுன்ஸ் இரும்பைக் கட்டித் தொங்கவிட்டால் குழல் எப்படி நகரும்? அதற்குத்தான் பூஸ்டர். நீல்சன் டிவைஸ் என்றும் சொல்வார்கள். ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பிஸ்டன் குழலில் திருகியிருக்கும், கேன் ஸ்பிரிங் வழியாகத்தான் அதைப் பிடித்திருக்கும். வாயு அழுத்தம் கேனை முன்னே தள்ளும் அந்தக் கணத்தில் குழல் தன் பாட்டுக்குப் பின்னால் வந்துவிடும். என்னுடையதை அவன் கையில் கொடுத்து, முன்னால் இழுத்துப் பார் என்றேன். கால் அங்குலம் போல நகர்ந்து ‘டக்’கென்று திரும்பி உட்கார்ந்தது. அதற்கு மேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இதையே திருப்பிப் போட்டாலும் வம்புதான். குழல் அசையாத 9 எம்எம் கார்பைனில் அந்தக் கேனைப் போடுகிறீர்கள் என்றால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபிக்ஸ்டு ஸ்பேஸர் என்ற அசையாத வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கேன் முன்னும் பின்னும் மோதிக்கொண்டே இருக்கும். வாங்கும்போதே ஸ்பேஸர் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

பெரெட்டா 92 வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் நிம்மதி. அதில் குழல் சாயாது, நேராகப் பின்வாங்கும்.

காது டாக்டர்:

தொழில் காது மூக்கு தொண்டை, ஊர் சான் அன்டோனியோ. சப்ரஸரை வாங்கியது கணவர், அதிகம் சுடுவது நான்.

9 எம்எம் கைத்துப்பாக்கி வெறுமனே சுட்டால் 160 டெசிபல் வாக்கில் இருக்கும். நல்ல சப்ரஸர் அதை 130-ஐ ஒட்டிக் கொண்டுவரும். திடீர் ஓசைக்கு 140 என்பது அமெரிக்க ராணுவத் தரம் வைத்திருக்கும் கோடு. அதற்குக் கீழே வந்துவிட்டதே என்று காதுக்கவசத்தைக் கழற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். 130 என்பது மௌனம் கிடையாது. சினிமாவில் ‘புஸ்’ என்று வருகிறதே, அதை மறந்துவிடுங்கள். உள்ளரங்க ரேஞ்சில் பக்கத்து லேன்காரரிடம் சப்ரஸர் இருக்கப்போவதில்லை, அவருடைய 160 உங்கள் காதுக்கும்தான் வரும். காதுக்குள் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. நான் சப்ரஸர் இருந்தாலும் செருகுகாப்பு, உள்ளரங்கமானால் அதன் மேல் இன்னொரு கவசம்.

முதல் ரவுண்டு மட்டும் கூடுதல் சத்தமாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். கேனுக்குள் இருக்கும் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறதல்லவா, எரியாத வெடிமருந்து அதில் எரியும். இரண்டாவது ரவுண்டுக்குள் உள்ளே வாயு நிரம்பிவிடும், சத்தம் இறங்கிவிடும். கேன் தயாரித்தவர் அனுமதித்திருந்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுடுகிறவர்களும் உண்டு. சத்தம் நன்றாகவே குறையும். ஆனால் கறுப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும், எனக்கு ஒத்துவரவில்லை.

முகம் என்றதும் ஞாபகம் வருகிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை: சப்ரஸர் போட்டால் வாயு முழுக்க முன்னால் போகாது, கொஞ்சம் ஸ்லைடு வழியாக உங்களை நோக்கியே வரும். ஒரு மேகஸின் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் உட்புற ஓரத்தில் கூட மெல்லிய கறுப்புப் படலம். அதில் ஈயம் இருக்கிறது. முடித்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் பர்கரைத் தொடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ரேஞ்சுக்குப் போட்டுப்போன சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

ராலே ராசா:

டாக்டர் அக்கா சொன்னதெல்லாம் உண்மை. நான் மரையைப் பற்றிச் சொல்கிறேன், அடிவாங்கும் இடம் அதுதான்.

அமெரிக்க 9 எம்எம் குழல்களில் பெரும்பாலும் 1/2-28 மரை, அதாவது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஐரோப்பியக் குழல்களில் 13.5க்கு 1 (மில்லிமீட்டரில் விட்டம், சுற்று இடைவெளி) இடதுபக்க மரையும் வரும். அது எதிர்த்திசையில் திருகும். .45-இல் .578-28, ஆனால் ஹெச்கே யுஎஸ்பி டாக்டிகல் .45 என்றால் 16க்கு 1 இடதுபக்கம். நல்ல செய்தி என்னவென்றால், பூஸ்டர் உள்ள கேனில் பிஸ்டனை மட்டும் மாற்றினால் போதும். அதனால் கேனைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் மரைக்கெல்லாம் அந்தக் கம்பெனி பிஸ்டன் விற்கிறதா, கையிருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதுதான் முதல் நிபந்தனை.

என் நண்பருக்கு நடந்தது இது. மரை இல்லாத பழைய குழலை ஒரு பட்டறையில் கொடுத்து மரை வெட்டி வாங்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மேகஸினில் ஒரு வினோதமான சத்தம், இலக்கில் தோட்டா பக்கவாட்டில் படுத்தபடி குத்திய ஓட்டை. கேனைக் கழற்றினால் கடைசி மூடியின் துவாரம் ஒரு பக்கம் பிறை மாதிரி அரிந்திருக்கிறது. வெட்டிய மரை குழல் துவாரத்தின் மையத்தோடு சேரவில்லை. குழலுக்குள் ஒரு அலைன்மென்ட் ராடு விட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, கேனை மாட்டி, ராடை விட்டு, முனைத் துவாரத்தில் நான்கு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரை வெட்டுவதைவிட தொழிற்சாலையிலேயே த்ரெட்டட் பேரலாக வருவதை வாங்குவது நல்லது என்பது என் கட்சி. சுடும்போது இடையிடையே கேன் தளர்ந்துவிட்டதா என்று கையுறை போட்டுத் திருகிப் பாருங்கள், தளர்ந்தாலும் அதே கதிதான்.

அப்புறம் தோட்டா. 115 கிரெயின் எடையுள்ள 9 எம்எம் குண்டு பெரும்பாலும் ஒலியைவிட வேகமாகப் போகும், அந்த ‘சடார்’ ஓசையை எந்தச் சப்ரஸராலும் தடுக்க முடியாது. 147 கிரெயின் விநாடிக்கு 1,000 அடிக்குக் கீழே இருக்கும், அதுதான் சுகம். 124 நடுவாந்தரம். கோடையில் சத்தமில்லாமல் போகும் அதே 124, ஜனவரிக் காலையில் சடாரென்று வெடிக்கும். குளிரில் ஒலியின் வேகமே குறைகிறது: 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு சுமார் 1,125 அடி, உறைநிலையில் 1,087. என் துப்பாக்கியில் இந்த வித்தியாசம் காதிலேயே கேட்கிறது. .45-இல் 230 கிரெயின் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, எப்போதும் ஒலிக்குக் கீழேதான்.

எடிசன் எலி:

நியூஜெர்சியில் பொதுமக்கள் சப்ரஸர் வைத்துக்கொள்ளவே கூடாது, அதனால் நான் வேடிக்கை பார்க்கும் கட்சி. பென்சில்வேனியாவில் இருக்கும் சித்தப்பா மகனோடு போய் அவனுடையதில் சுட்டேன். ஒரே ஒரு விஷயம். அவன் கேன், குறிபார்க்கும் சைட்டை முழுசாக மறைத்துவிட்டது. உயரமான சைட் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம், இலக்கை விட்டு மேலே உத்தேசமாகக் குறிபார்த்துச் சுடுகிறான். என்ன சொல்லியும் கேட்கவில்லை.

தவிர, எங்கள் மாநிலத்தைக் கடந்து போகிறவர்கள் டிரங்கில் கேன் இருந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவது நல்லது. வீண் வம்பு.

ஆஸ்டின்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, எஃப்என்எக்ஸில் உயரமான சைட் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. கிளாக்கில் சாதா சைட்தான். .45 கேனைக் கிளாக்கில் போட்டால் சத்தம் ரொம்ப அதிகமாகிவிடுமா?

ஹூஸ்டன் அண்ணாச்சி:

கொஞ்சம் அதிகமாகும். துவாரம் பெரிது, 9 எம்எம் தோட்டாவைச் சுற்றி வாயு நழுவும். சில மாடல்களில் முன்மூடியை 9 எம்எம்முக்கு மாற்றிக்கொள்ளலாம், அது ஈடுகட்டும். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், எனக்கென்றால் ஒரே .45 கேன் போதும். 9 எம்எம் கேனில் .45 சுட முடியாது, .45 கேனில் இரண்டையும் சுடலாம். மூன்று டெசிபலுக்காக இன்னொரு கேன் வாங்குவதைவிட அந்தப் பணத்துக்கு 147 கிரெயின் பெட்டி பெட்டியாக வாங்கிச் சுடுங்கள்.

எடையைப் பாருங்கள். ரக்டு அப்சிடியன் 45 முழு நீளத்தில் 12.8 அவுன்ஸ், 8.6 அங்குலம். முன்பகுதியைக் கழற்றினால் 10.7 அவுன்ஸ், 6.7 அங்குலம். உங்கள் கிளாக் 19 மேகஸின் இல்லாமல் 21 அவுன்ஸ்தான். முழு நீளத்தில் மாட்டினால் கையை நீட்டி நிறைசொம்பைப் பிடித்த மாதிரி முனை கீழே இறங்கும். அதனால்தான் இப்படி நீளத்தைக் குறைக்கக்கூடிய மாடல் எதுவானாலும் சிபாரிசு செய்வேன். கிளாக்கில் குட்டை, எஃப்என்எக்ஸில் முழுசு.

சைட்டுக்கு இரண்டு வழி. உயரமான சைட் மாற்றுங்கள், இல்லை ரெட் டாட் (சிவப்புப் புள்ளியைக் காட்டும் குறிக்கண்ணாடி) வையுங்கள். ரெட் டாட்டில் முன்கண்ணாடியில் கரி படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சைலன்சர்கோ ஆஸ்ப்ரே மாதிரி துவாரம் மேல்பக்கம் ஒதுங்கிய கேனும் உண்டு, சாதா சைட்டே தெரியும். எனக்கு அதன் சதுர உருவம் பிடிக்காது, அது என் ரசனைக் கோளாறு.

மாட்டியதும் குண்டு இலக்கில் சற்றுத் தள்ளி விழுந்தால் பதறாதீர்கள். சில மாடல்களில் கேனை முன்னால் இழுத்து ஒரு பல் திருப்பி விட்டால் விழும் இடம் நகரும். காலித் துப்பாக்கியில்தான் அதைச் செய்ய வேண்டும். சைட்டுக்கு அருகில் விழும் பல்லைக் கண்டுபிடித்து பெயின்ட்டால் சின்னப் புள்ளி வையுங்கள்.

பிஸ்டனைச் சில நூறு ரவுண்டுக்கு ஒருமுறை கழற்றி, கரியைத் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். காய்ந்துபோனால் ஸ்பிரிங் வேலை செய்யாது, அந்தப் பையனுக்கு ஆன கதைதான். உள்ளே பேஃபிள் (வாயுவைத் தடுக்கும் தட்டுகள்) அலுமினியமா ஸ்டீலா என்று பார்க்காமல் எந்த ரசாயனத்திலும் ஊறப்போடாதீர்கள். வினிகரும் பெராக்ஸைடும் கலந்து ஊறவைப்பார்கள், அதில் ஈய அசிடேட் உருவாகும், விஷம். உங்கள் எஃப்என்எக்ஸ் மரை .578-28, கிளாக் குழலில் என்ன மரை என்று பேரலில் பொறித்திருக்கிறதா பாருங்கள், அதைச் சொன்னால் எந்தப் பிஸ்டன் என்று சொல்கிறேன்.