பெங்களூரா விலையும் ஆடம் ஸ்மித்தும்

காவேரிப்பட்டினத்தான்:
சென்ற பருவத்தில் ஒரு மாங்கூழ் ஆலை வாசலில் ஒன்றரை நாள் டிராக்டரோடு நின்றேன். அடியில் கிடந்த பெங்களூரா ரக மாங்காய் கனிந்து, சாறு பலகை இடுக்கில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. எடை போட்ட பிறகுதான் விலை சொன்னார்கள். ஏன் இவ்வளவு குறைவு என்றதற்கு, "சந்தை தீர்மானிக்கிறது" என்றார் எடைமேடைக்காரர். விற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில், வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில். இதுவா சந்தை?

'அரசே விலகிக்கொள், விலையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்ற நவதாராளவாதத்துக்குப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தைக் குலதெய்வமாக நட்டுவைத்திருக்கிறார்கள். 1776-இல் வந்த அவருடைய 'நாடுகளின் செல்வம்' நூலில் 'கண்ணுக்குத் தெரியாத கை', அதாவது தன் லாபம் தேடுகிறவனையும் ஊர் நன்மைக்கு நடத்திச்செல்லும் கை, ஒரே ஒரு முறைதான் வருகிறது. முதலாளிகள் எப்போதும், எங்கும் சத்தமில்லாமல் கூடிக்கொண்டு கூலி உயராமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை.

ஓசூர்வாசி:
ஐயா, கோபம் நியாயம்தான்; காட்டும் இடம்தான் தவறு. விலை என்பது ஒரு செய்தி என்று 1945-இல் பொருளாதார அறிஞர் ஹாயெக் எழுதினார். எந்த அதிகாரியும் மேசையில் உட்கார்ந்து திரட்ட முடியாத தகவலை அது ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. பெங்களூரா விலை சரிந்தால், காய் மிஞ்சிவிட்டது என்று பொருள். அரசு எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்த காலத்தையும் பார்த்தோம். 1991-இல் அந்நியச் செலாவணி இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே இருந்தது. தங்கத்தை அடகு வைத்தோம். என் தந்தை ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். உங்களுக்கு ஒன்றரை நாள்தான்.

காவேரிப்பட்டினத்தான்:
தம்பி, ஸ்கூட்டர் அழுகாது.

செய்தி என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டுக்கன்று நட்டால் ஒழுங்காகக் காய்க்க நான்கைந்து வருடம். விலை இருக்கிறதென்று எல்லாரும் நடுகிறோம், காய்க்கும்போது விழுகிறது, வெட்டுகிறோம், மறுபடி ஏறுகிறது. 1934-இல் கால்டோர் என்ற பொருளாதார அறிஞர் இதற்குச் 'சிலந்தி வலை' என்று பெயரே வைத்துவிட்டார். வலையில் மாட்டுவது யார் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தைய வருடம் ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர், வாங்குபவர் ஒருவராகிப்போகும் ஏகபோகத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அங்கே விலை செய்தி அல்ல, உத்தரவு.

நீங்கள் இருக்கும் ஓசூரையும் சந்தை கட்டவில்லை. 1970-களில் சிப்காட் என்ற அரசு நிறுவனம் நிலம் எடுத்து, சாலை போட்டுக் கொடுத்த தொழிற்பேட்டை அது.

பர்கூர் ஆசிரியை:
அண்ணா, ஸ்மித்தை முழுதாக உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளாதீர்கள். தானிய வணிகத்தில் அரசு கைவைப்பதை வன்மையாக எதிர்த்தவர் அவர். உங்கள் வாதத்துக்குப் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்த போலன்யி பொருத்தமானவர். தடையற்ற சந்தை தானாக முளைக்கவில்லை, அரசுதான் அதை நட்டு நீர் ஊற்றியது என்று 1944-இலேயே காட்டினார். பிறகு சிலியில் நடந்ததும் அதுதான்: 1973-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் தடையற்ற சந்தைக் கொள்கை அங்கே நடைமுறைக்கு வந்தது. 'அரசே விலகு' என்பதற்குத் துப்பாக்கி தேவைப்பட்டிருக்கிறது. (பாடத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம்.)

ஓசூர்வாசி:
சிலியை நான் நியாயப்படுத்தவில்லை. வாங்குபவர் குறைவு என்றால் மருந்து இன்னும் நான்கு ஆலைகள் வருவதே. ஆட்சியர் அலுவலகத்தில் விலை நிர்ணயித்தால் ஆலைக்காரர் காய் வாங்க ஆந்திராவின் சித்தூருக்கு லாரி அனுப்பிவிடுவார். அங்கேயும் இதே காய்தான். அப்போது என்ன செய்வீர்கள்?

காவேரிப்பட்டினத்தான்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். விவசாயி, ஆலை, அரசு என்று முத்தரப்புக் கூட்டம் கேட்கிறோம். கூடினாலும் சித்தூர் சித்தூராகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று: காயை இறக்கும் முன்பே விலையைச் சீட்டில் எழுதித் தரட்டும். விலை செய்தி என்கிறீர்களே, அந்தச் செய்தி விற்கிறவனுக்கு மட்டும் ஏன் கடைசியில் வருகிறது?

ஓசூர்வாசி:
சீட்டுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அதில் எழுதும் எண்ணை மட்டும் அரசிடம் கொடுக்கமாட்டேன்.