திருவண்ணாமலை நடை: பணம் எதற்கு, பயிற்சி எப்படி

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் கழிந்த மறுவாரம் நன்கொடை திரட்ட வேலூர்க் கோட்டை வாசலில் தொடங்கித் திருவண்ணாமலை வரை நடப்பது என்று நம் சங்கத்தின் போன கூட்டத்தில் முடிவு செய்தோம். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாக 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று நாள். நம்மில் பலர் பிறந்தபோது இந்தச் சாலை முழுவதும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989-இல்தான் திருவண்ணாமலை தனியாகப் போனது. இதுவரை 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து இரண்டு பேர், சிங்கப்பூர்த் தம்பி, தபால்கார மாமா வீட்டு மருமகள் என்று பட்டியலைப் பார்க்கவே மனசு நிறைகிறது.

அறிவிப்பில் "நம் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கணினிகள் வாங்க" என்று போட்டிருக்கிறோம். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் என் வீட்டுக் கணினி படுத்துவிட்டது. பத்து வருஷத்துப் பெட்டி. முதலில் அதன் கடிகாரம் தவறியது. ஒருமுறை மின்சாரம் போய் வந்தால் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். அப்புறம் வங்கித் தளம், மின்னஞ்சல் என எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று எச்சரிக்கை. வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்து இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. விஷயம் மிகச் சின்னது. ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அதற்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினி அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் 2015 என்று சொன்னால் இந்த வருஷத்துச் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் மறுக்கிறது. கணினிக்குள் எல்லாப் பாகமும் பொருந்தும் மதர்போர்டு என்ற பலகையில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் அந்த எண்ணின் பொருள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மாற்றினேன், சரியாகிவிட்டது.

அடுத்து வேகம். பொத்தானை அழுத்திவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். ஒரு மாதம் அதைக் கேட்டும் விட்டுவிட்டேன். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது நினைவிருக்கும். அப்பா ஆற்றங்கரையில் நின்று கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படங்கள் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. வாழ்நாளெல்லாம் வெறும் மணலாகப் பார்த்த ஆற்றில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் கை நடுங்கியிருக்கிறது. பாதிப் படங்கள் கலங்கலாக இருக்கும். அடுத்த வருஷம் அவர் இல்லை. டிஸ்க் சாகப்போகிறது என்று புரிந்த அன்று ராத்திரி தூங்கவில்லை. பழுதான இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய் மற்றதை முதலில் எடுத்து, விட்டதற்கு மறுபடி மறுபடி முயலும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெள்ளப் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. வேறு சில போய்விட்டன, நம் கோயில் கும்பாபிஷேகப் படங்களும் அதில் சேர்த்தி. உங்களில் யாரிடமாவது அவை இருந்தால் அனுப்புங்கள். அப்படியே உங்கள் வீட்டுப் படங்களுக்கும் மூன்று பிரதி வையுங்கள்: இரண்டு வேறு வேறு கருவியில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். டிக் சத்தம் கேட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு எஸ்எஸ்டி போட்டேன், சிப்பில் சேமிக்கும் டிஸ்க். சுழலும் தட்டும் தேடி ஓடும் முள்ளும் அதில் கிடையாது. அதே பழைய பெட்டி இப்போது அரை நிமிஷத்தில் திறக்கிறது. தூக்கிப் போட இருந்த கணினி!

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஜூலையில் ஊருக்கு வந்தபோது பள்ளிக்குப் போனேன். கணினி அறையில் பத்துப் பெட்டி. மூன்றுதான் ஓடுகின்றன. அனுமதி வாங்கி நானும் அக்கா மகனும் மற்ற ஏழையும் திறந்தோம். இரண்டில் அதே பட்டன் பேட்டரி. மூன்றில் ராம் என்ற தற்காலிக நினைவகப் பட்டையின் தொடுமுனையில் அழுக்கு. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினோம், உயிர் வந்துவிட்டது. ஒன்றில் பவர் சப்ளை எரிந்திருந்தது. ஒன்றுக்கு மட்டும் மதர்போர்டே போய்விட்டது, அதன் உதிரி மற்றவற்றுக்கு ஆகும். எறும்புக்கூடும் தூசியும் ஒரு முறம் அளவுக்கு வந்தன. மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் யுபிஎஸ்ஸின் பேட்டரி எல்லாம் உப்பிப் போயிருந்தது. அந்தப் பேட்டரி பொதுவாகவே சில வருஷம்தான் தாங்கும், நம்ம ஊர் வெயிலில் இன்னும் குறைவு. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாடம் நடத்துகிறவர் பெட்டியையும் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் எப்படி?

ஆக, புதிதாகப் பத்துக் கணினி வாங்கிக் கொடுத்தால் நாலு வருஷத்தில் அவையும் இதே அறையில் இதே தூசியில் கிடக்கும். இருப்பதற்கு எஸ்எஸ்டியும் புது யுபிஎஸ் பேட்டரியும் போடுவோம். மாதத்தில் இரண்டு நாள் வந்து பார்த்துக்கொள்ள, டிப்ளமோ முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பிள்ளை ஒருவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுப்போம். ஐந்து வருஷத்துக்கு அதை உறுதி செய்வோம். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட இதில் எதுவும் இருக்காதுதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் திரை வரும்.

இன்னொன்று. அந்தப் பெட்டிகளில் இருப்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அவற்றில் இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும், தமிழ் 99 விசைப்பலகையும் அதிலேயே கிடைக்கும். இதற்குத் தலைமையாசிரியரின் சம்மதம் வேண்டும், பேசிக்கொண்டிருக்கிறேன்.

பணம் பற்றி ஒரு முக்கியமான விஷயம். வெளிநாட்டிலிருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை இருந்தாலும், அயல்நாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் வருஷத்து எஃப்சிஆர்ஏ சட்டப்படி அயல்நாட்டு மூலம்தான். அந்தப் பணத்தை வாங்கத் தேவையான பதிவு நம் சங்கத்துக்குக் கிடையாது. அதனால் அவர்கள் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம். உறவுக்காரர் பெயரில் சுற்றி அனுப்பவும் வேண்டாம். நடந்து வாருங்கள், அல்லது சனிக்கிழமை ஒரு மணி நேரம் காணொளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது பணத்துக்குக் குறைந்ததில்லை.

நான் இருக்கும் கனடாவின் மிசிசாகாவில் செப்டம்பர் தோறும் டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் ஓட்டம் நடக்கும். 18 வயதில் புற்றுநோயால் வலது காலை இழந்த பையன், 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கனடியரிடமும் அவன் கேட்டது ஒரே ஒரு டாலர். அது எனக்குப் பிடித்த கணக்கு. கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்று நூறு பேர் ஒப்புக்கொண்டால் 80,000 ரூபாய் ஆகிறது. அதில் ஊர் முழுவதும் இருக்கும்.

சரி, பயிற்சி. இன்னும் 20 வாரம் இருக்கிறது. இப்போது தொடங்கினால் தாராளமாகப் போதும். நான் போன வருஷம் அவசரப்பட்டேன். வாரக்கடைசி நடையை 8 கிலோமீட்டரிலிருந்து ஒரேயடியாக 18-க்கு ஏற்றினேன். கெண்டைக்காலுக்கு முன்னால், கீழ்க்கால் எலும்பை ஒட்டிக் குத்தும் வலி. அதோடும் நடந்தேன். பிறகு ஆறு வாரம் உட்கார வேண்டியதாயிற்று. டிஸ்க்கில் கேட்ட சத்தமும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. இரண்டையும் கேட்டும் விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

முதல் வாரம் மூன்று நாள் அரை மணி நேரம், ஞாயிறு 5 கிலோமீட்டர். அதன்பின் வாரத்தின் மொத்த தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு நாலாவது வாரமும் குறைத்து நடங்கள், உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். நமக்கு உண்மையான சோதனை தூரத்தில் இல்லை, மறுநாளில் இருக்கிறது. முதல் நாள் கண்ணமங்கலம் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர், யாரும் நடந்துவிடலாம். நேற்று நடந்த காலோடு மறுநாள் காலை எழுந்து போளூருக்கு இன்னொரு 25 நடப்பதுதான் கடினம். மூன்றாம் நாள் இன்னும் நீளம். அதனால் பன்னிரண்டாம் வாரத்திலிருந்து சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நடந்து பழகுங்கள். டிசம்பருக்குள் ஒருமுறையாவது 22-உம் மறுநாள் 18-உம் வந்துவிட வேண்டும். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அப்போது பயம் வந்து கூடுதலாக நடக்கத் தோன்றும், கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் விடியலுக்கு முன் நடக்க வேண்டியிருக்கும். இங்கே நவம்பருக்குப் பிறகு பனி உறைந்து வழுக்கும், நான் டிரெட்மில்லைச் சற்று ஏற்றமாக வைத்து நடப்பேன். ஊரில் இருப்பவர்களுக்குக் கோட்டை அகழியைச் சுற்றிக் காலையில் நடக்க ஆட்கள் துணை இருக்கிறார்கள். முடிந்தவர்கள் சோளிங்கர் மலை ஏறுங்கள். 1,300-க்கும் மேல் படி. என் ஆயா, அதாவது பாட்டி, கார்த்திகை ஞாயிறுகளில் வெறுங்காலோடு ஏறிவிட்டு வந்து மறுநாள் கழனிக்குப் போவார். "ஏறுறது மூச்சு, எறங்குறதுதான் முட்டி" என்பார். சரிதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, அதனால்தான் மறுநாள் அவ்வளவு வலி. இறங்குவதற்கும் பழக்கம் வேண்டும்.

காலணியை அரை அளவு பெரிதாக வாங்குங்கள், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். பருத்திக் காலுறை வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் தரும். ஓரிடத்தில் சூடாக உறுத்தினால் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஐந்து நிமிஷம் போகும், மூன்று நாள் பிழைக்கும்.

ஜனவரியில் காலை பனி நன்றாக இருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் நம்ம வெயில் வெயில்தான். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், அது உயிருக்கே ஆபத்தாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சமதேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வைத்துக்கொண்டு தாகத்துக்குக் குடியுங்கள். வழியில் கேழ்வரகுக் கூழும் மோரும் கொடுப்பதாகக் கண்ணமங்கலம் அத்தை வீட்டில் சொல்லிவிட்டார்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை என் பொறுப்பு. பழகாத எதையும் அன்று புதிதாகச் சாப்பிட வேண்டாம்.

கடைசியாகக் கணக்குப் பார்க்கும் தங்கைக்கு. நன்கொடைப் படிவத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) தமிழ்ப் பெயர்கள் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாக வருகின்றன என்றீர்கள். கோப்பு கெடவில்லை. நேராகத் திறக்காமல் எக்ஸெலில் காலிப் பக்கம் எடுத்து, 'டேட்டா' பகுதியில் கோப்பை உள்ளே கொண்டுவந்து, எழுத்துமுறையாக 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசி எண் இருக்கும் வரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீண்ட எண்ணைச் சுருக்கிக் காட்டும்.

அறிவிப்பு வரியை மாற்றச் சம்மதமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுங்கள். வேறு கருத்து இருந்தாலும் எழுதுங்கள். யுபிஎஸ் பேட்டரியை அளந்து பார்க்க அக்கா மகன் அடுத்த சனிக்கிழமை பள்ளிக்குப் போகிறான். விடுமுறை நாளில் கணினி அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.