எஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயைத் தளர்த்தும் என்றால், மாத்திரை போட்டதும் பிரஷர் ஏறுவது ஏன்?

தாமரை:
மாதவிடாய் நின்றபின் வரும் திடீர் உடல்சூட்டுக்கு எஸ்ட்ராடயால் (எஸ்ட்ரோஜன் வகை) 2 மி.கி. மாத்திரை. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. ஏற்கெனவே ஓடுகிறது. 126/80-ல் இருந்தது ஆறே வாரத்தில் 140/88. எஸ்ட்ரோஜன் குழாய்க்கு நல்லது என்றுதானே பாடம்?

நாடி:
பாடம் சரிதான். குழாயின் உள்சுவர் செல்லில், எஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஆல்ஃபா ஏற்பியில் எஸ்ட்ராடயால் ஒட்டியதும் ஏகேடி நொதி கிளம்பி, நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதியின் 1177-வது அமினோ அமிலமான செரீனில் பாஸ்பேட்டை மாட்டி அதை முடுக்குகிறது. சில நிமிடத்திலேயே வாயு கசிந்து அடுத்திருக்கும் தசைச் செல் தளர்ந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில் பார்த்தது. அந்தத் தட்டில் கல்லீரல் கிடையாதே! விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து முதலில் அங்கேதான் போகிறது. அங்கே ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தின் உற்பத்தி கூடுகிறது. அதை வெட்டும் சிறுநீரக நொதியான ரெனினுக்கு எப்போதும் சரக்குத் தட்டுப்பாடுதான். சரக்கு கூடினால், குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 கூடும். பலருக்கு ரெனின் தானே இறங்கிச் சரிக்கட்டிவிடும். இறங்காதவர்களுக்குப் பிரஷர் ஏறும்.

மருந்துப்பெட்டி:
முதலில் அந்த 140 நிஜமா பாருங்கள். காபி குடித்து அரை மணி கழியட்டும், 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கை நெஞ்சு மட்டத்தில். காலை இரண்டு, மாலை இரண்டு என 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி. வீட்டில் 135/85 தாண்டினால் ஏறியிருக்கிறது என்றே அர்த்தம்.

நிஜம் என்றால், தோல்வழிக்கு மாற்றுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்: 50 மைக்ரோகிராம் பேட்ச், அல்லது 0.06 சதவீத ஜெல் 2.5 கிராம். கல்லீரலில் முதல் அடி விழாது. ஜெல்லை மார்பில் தடவக் கூடாது. காயும்வரை குழந்தையைத் தூக்கவும் கூடாது. பேட்சை பாவாடை நாடா உரசும் இடத்தில் ஒட்டினால் வியர்வையில் உரிந்துவிடும்.

நாடி:
கருப்பை இருந்தால் கூடவே ப்ரொஜெஸ்டிரோன் கட்டாயம். நுண்துகளாக்கிய (மைக்ரோனைஸ்டு) வகை நல்லது. ட்ரோஸ்பிரினோன் (ப்ரொஜெஸ்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) கலந்த மாத்திரை உப்பை வெளியேற்றிப் பிரஷரைக் குறைக்கும். ஆனால் டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மருந்து போடுபவர்களுக்கு பொட்டாசியம் ஏறும் அபாயம் உண்டு. தொடங்குமுன்னும் முதல் மாதத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்தே ஆக வேண்டும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்து 2002-ல் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வை (WHI) காட்டிப் பயமுறுத்துவார்கள். 16,608 பெண்கள், சராசரி வயது 63, வாய்வழி மாத்திரை. அதிலும் மேல் அளவு ஏறியது சராசரியாக 1 முதல் 1.5 புள்ளிதான். சராசரி அது, உங்களுடையது 14.

தாமரை:
பேட்ச் மாற்றினால் மறுநாளே இறங்குமா?

மருந்துப்பெட்டி:
இறங்காது. கல்லீரல் அடங்கச் சில வாரமாகும். 6 முதல் 8 வாரம் கழித்து அதே 7 நாள் கணக்கை மறுபடி எடுங்கள். அதுவரை அம்லோடிபினில் கை வைக்காதீர்கள்.