13 வாரத்தில் முதல் பருவம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (முதலாண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்ததால், நான் சேர்ந்தபோது பருவம் தொடங்கி 7 வாரம் கடந்திருந்தது. 20 வாரத்துக்கு வகுக்கப்பட்ட பாடத்தை எங்களைப் போலத் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு 13 வாரத்தில் நடத்துகிறார்கள். காலையில் வார்டு, பிற்பகலில் வகுப்பு, அதன்பின் மாலை 6 மணி வரை சிறப்பு வகுப்பு. விடுதிக்கு வந்து ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கவே இரவு 10 மணி ஆகிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால் அனாட்டமியில் (உடலின் அமைப்பு பற்றிய பாடம்) ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகிறது. முதல் இன்டர்னலில் (கல்லூரியே நடத்தும் அகமதிப்பீட்டுத் தேர்வு) பாதி மதிப்பெண்ணைக்கூட எட்டவில்லை. இருக்கும் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு விடுகிறேன். வழி சொல்லுங்கள்.

பதில் 1 (நர்சிங் கல்லூரி ஆசிரியை)

எல்லாப் பாடமும் ஒரே அளவில் அழுத்துவதாகத் தோன்றுவதுதான் உங்களைக் களைப்படையச் செய்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டப்படி முதல் பருவத்தின் முடிவில் நீங்கள் எழுதும் பல்கலைக்கழகத் தேர்வுகள் இரண்டுதான்: அனாட்டமியும் பிசியாலஜியும் (உடலின் இயக்கம் பற்றிய பாடம்) சேர்ந்து ஒரு தாள், சோஷியாலஜியும் (சமூகவியல்) சைக்காலஜியும் (உளவியல்) சேர்ந்து இன்னொரு தாள். ஆங்கிலத்துக்குக் கல்லூரியே தேர்வு வைக்கும். நோயாளிப் பராமரிப்பின் அடிப்படைகளைக் கற்பிக்கும் நர்சிங் ஃபவுண்டேஷனுக்கான பல்கலைக்கழகத் தேர்வு இரண்டாம் பருவ முடிவில்தான் வருகிறது.

முதல் தாளில் அனாட்டமிக்கு 37, பிசியாலஜிக்கு 38 மதிப்பெண் என்று பகுத்திருப்பதால், ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போவதை விட, இதயம் என்றால் அதன் அமைப்பையும் இயக்கத்தையும் ஒரே மாலையில் சேர்த்துப் படிப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். அறைகளையும் வால்வுகளையும் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு படமாக வரைந்து பாருங்கள். அந்தப் படத்தின் மேலேயே ரத்தம் போகும் வழியை விரலால் காட்டி, வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே நின்றுவிடுகிறீர்களோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் திரும்பப் பாருங்கள்.

பதில் 2 (அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ்)

தங்கைக்கு, நானும் தமிழ் வழியில் படித்து வந்தவள்தான். மொழி பற்றி மட்டும் சொல்கிறேன். மருத்துவச் சொற்களை முழுச் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். அவை துண்டுகளால் ஆனவை. 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மந்தம், 'கார்டியா' இதயத்தைக் குறிக்கும், 'ப்னியா' மூச்சைக் குறிக்கும். இந்த நான்கு துண்டுகளைத் தெரிந்துகொண்டாலே டாக்கிகார்டியா, பிராடிகார்டியா, டாக்கிப்னியா, பிராடிப்னியா என்ற நான்கு சொற்களும் தாமாகப் பிரிந்து பொருள் தரும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் அறுத்து நீக்குதல். நான் ஒரு சிறிய நோட்டில் நாளுக்கு ஐந்து துண்டுகள் எழுதி, வார்டுக்குப் போகும் பேருந்திலேயே படித்தேன். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால், புரிந்ததை அன்றே நான்கு ஆங்கில வாக்கியங்களாக எழுதிப் பார்த்துவிடுங்கள்.

பதில் 3 (மூன்றாம் ஆண்டு மாணவி)

ஆசிரியை அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் மரியாதையோடு மறுக்கிறேன். ஃபவுண்டேஷன் தேர்வு பிறகுதான் என்று அதைத் தள்ளிவைத்தால் இரண்டாம் பருவத்தில் அவதிப்படுவீர்கள், ஏனென்றால் முதல் பருவத்தின் இன்டர்னலும் அதில் சேர்கிறது. மேலும், வார்டில் கழியும் நேரத்தைப் படிப்புக்கு வெளியே இருப்பதாக நினைக்க வேண்டாம். நெடுநேரம் படுத்திருந்த நோயாளியை நடக்க வைக்கும் முன், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் உட்கார வைக்கச் சொல்வார்கள் அல்லவா? எழுந்தவுடன் ரத்தம் கால்பக்கம் இறங்குவதால் அழுத்தம் குறைகிறது; கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணர்விகள் அதை உணர்ந்து இதயத் துடிப்பைக் கூட்டும் வரை தலை சுற்றலாம். அந்த ஒரு ப்ரொசீஜரிலேயே பிசியாலஜியின் ஒரு முழுக் கேள்விக்கு விடை இருக்கிறது.

ரெக்கார்டு நோட்டை இரவுக்கு வைக்காதீர்கள். வார்டிலேயே குறிப்பெடுத்து, மதிய இடைவேளையில் பாதியை முடித்துவிட்டால் இரவில் ஒன்றரை மணி நேரமாவது கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

ஆசிரியை அவர்களுக்கும் அக்காக்களுக்கும் நன்றி. பல்கலைக்கழகத் தேர்வு இரண்டு தாள்தான் என்பது இதுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சோஷியாலஜியும் சைக்காலஜியும் வாரத்தில் எத்தனை நாள் படித்தால் போதும்?

பதில் 1 (நர்சிங் கல்லூரி ஆசிரியை)

ஃபவுண்டேஷன் பற்றி அந்த மாணவி சொன்னது சரி. நான் அதை விளக்கியிருக்க வேண்டும். நீங்கள் கேட்டதற்கு: வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்குங்கள். அந்தத் தாளும் 75 மதிப்பெண்தான் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட வேண்டாம். வகுப்புகளில் தவறவிட்ட 7 வாரப் பாடத்தின் தலைப்புகளை உங்கள் வகுப்பு ஆசிரியையிடம் இந்த வாரமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.