ஆர்தெஷ் மலைப்பக்கம் குடும்பத்தோடு சைக்கிள்: மலை ஏறுகிறவரும் ஏறாதவரும் ஒன்றாகப் போக வழி உண்டா?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். நாங்கள் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறோம். அக்டோபர் கடைசியில் வரும் துசேன் பள்ளி விடுமுறைக்கு நாலைந்து நாள் சைக்கிளில் போய்வர ஆசை. எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு பேருக்கும் வேறு வேறு பலம். கணவர் ஞாயிறு தவறாமல் மலை ஏறுகிறவர். ஏற்றமே இல்லாத ஊருக்குக் கூப்பிட்டால் வருவார், ஆனால் மனசு அங்கே இருக்காது. மகளுக்குப் பத்து வயது, சமதளத்தில் நன்றாக ஓட்டுவாள், இறக்கத்தில் பயப்படுவாள். அப்பாவுக்கு 68. ஒரு காலத்தில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனவர், இப்போது முழங்கால் வலி, கூடவே சர்க்கரை. நான் நடுவில்: நாள் முழுக்க ஓட்டுவேன், செங்குத்தாக மேடு வந்தால் இறங்கித் தள்ளுவேன்.

போன வருஷம் போழொலே திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போனோம். குடும்பங்களுக்கு ஏற்றது என்று போட்டிருந்த 25 கிலோமீட்டர் சுற்று. மூன்றாவது மேட்டில் அப்பா இறங்கிவிட்டார். மீதி நேரம் ஒரு தேவாலயத் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். அது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

சமதளம் வேண்டாம், மலைநாடுதான் வேண்டும். எல்லோரும் ஓட்ட வேண்டும், ராத்திரி ஒரே இடத்தில் சேர்ந்து சாப்பிட வேண்டும். அப்படி ஒரு இடம் இருக்கிறதா?

மேட்டுவழி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. இருக்கிறது. நான் லியோனுக்குத் தெற்கே வலான்ஸில் இருப்பவன், அதனால் ரோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஆர்தெஷ் மலை மாவட்டத்தைத்தான் சொல்வேன், அதுவும் அடித்துச் சொல்வேன்.

முதலில் ஒன்று. மலைநாட்டில் கிலோமீட்டரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறது, அதில் எவ்வளவு செங்குத்து என்று பாருங்கள். மிஷ்லேன் காகித வரைபடத்தில் சாலை மேலேயே சின்ன அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஏற்றம். திராட்சைத் தோட்ட ஊர்களில் ஒவ்வொரு மேடும் சின்னதுதான், ஆனால் ஒன்று முடிந்தால் அடுத்தது. முழங்காலுக்கு அதுதான் பெரிய வேதனை. நீளமான, மெதுவான ஒரே ஏற்றம் அதைவிட எவ்வளவோ மேல்.

அதற்கு ரயில் போன வழியைத் தேட வேண்டும். நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தக் காலத்து என்ஜினியர்கள் மலையைக் குடைந்து, பாலம் போட்டு, ஆற்றோடு வளைந்து வளைந்து பாதையை இதமாகக் கொண்டுபோனார்கள். எய்ரியூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது, 1968இல் நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தப் பாதைதான் ‘தோல்சே வியா’ என்ற சைக்கிள் பாதை. கிளைகளோடு சேர்த்து 90 கிலோமீட்டர் போல வரும். பெரும்பகுதியில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை.

ரோன் ஆற்றங்கரையில் லா வூல்த் ஊரில் தொடங்கும். அங்கிருந்து லெஸோலியேர், சேன்-சோவேர் வழியாக லு ஷெய்லார் வரை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சராசரி ஏற்றம் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. ஏறுகிறோம் என்பதே தெரியாது, திரும்பும்போதுதான் ‘அட, மிதிக்காமலே போகிறதே’ என்று தெரியும்.

உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பொருத்தம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தத் திரும்பும் வழிதான். சுற்றுப்பாதை வேண்டாம். சுற்றில் பாதி தூரம் போனபின் ஒருவர் சோர்ந்தால் எந்தப் பக்கம் போனாலும் மீதிப் பாதி ஓட்டியாக வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் தங்கிக்கொண்டு காலையில் மேல்நோக்கிப் போனால், அப்பா எந்த இடத்தில் போதும் என்று சொன்னாலும் சரி, அங்கிருந்து தங்கும் இடம் வரை இறக்கம்தான். அவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அவருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். என் மனைவிக்கு இடுப்பு அறுவை சிகிச்சை ஆனபிறகு நாங்கள் இப்படித்தான் ஓட்ட ஆரம்பித்தோம். அவளுக்கு முதலில் ஒரு பாலம் வரை, அப்புறம் அடுத்த ஊர் வரை. இன்று அவள் என்னோடு லு ஷெய்லாரில் காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்புகிறாள்.

சேன்-சோவேர் அல்லது லெஸோலியேரில் தங்குங்கள். ‘அக்கெய் வேலோ’ முத்திரை உள்ள விடுதியாகப் பாருங்கள். அந்த முத்திரை வேண்டுமென்றால் சைக்கிள் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்கப் பத்திரமான இடம் தர வேண்டும், சில்லறை ரிப்பேருக்குக் கருவி வைத்திருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் சில இடங்கள் பருவம் முடிந்து மூடியிருக்கும், போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பாதை தார் இல்லை, இறுக்கிய சன்னச் சரளை. 25 மில்லிமீட்டர் டயரோடு உங்கள் கணவர் வந்தால் அவருக்குப் பிடிக்காது. மற்ற மூவருக்கும் 35க்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த மாதத்தில் செஸ்ட்நட் காய்கள் பாதை முழுக்க விழுந்து கிடக்கும். மேல்தோல் பச்சை முள்பந்து போல இருக்கும், ஈர இலையோடு சேர்ந்தால் வழுக்கும். மகளிடம் அந்த இடங்களில் முன் பிரேக்கை அழுத்தாமல் மெல்லப் போகச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று பொறுக்கிப் பையில் போடக்கூடாது, அந்தத் தோப்புகளுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு.

ரயிலுக்காக வெட்டிய பாறைச் சுவர்களில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். கையை நீட்டினால் பெரணி இலை விரலில் உரசும், வெயில் நாளிலும் அந்த இடத்தில் மட்டும் சில்லென்று இருக்கும். உங்கள் அப்பா அங்கே நின்று நிதானமாகப் பார்க்கட்டும்.

திராட்சைக்கொடி எழுதியது:

மேட்டுவழி அண்ணா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அப்பாவின் முழங்காலையும் மகளின் பயத்தையும் நினைத்தால் லியோனுக்கு வடக்கே உள்ள தெற்கு பூர்கோஞ் இன்னும் சுலபம். ஷீவ்ரி முதல் க்ளுனி வரை 44 கிலோமீட்டர் பழைய ரயில் பாதை. பிரான்சில் முதல் ‘வுவா வெர்த்’ (மோட்டார் வண்டி வராத பசுமைப் பாதை) அதுதான், 1997இல் திறந்தார்கள். முழுக்கத் தார், எந்த டயரும் ஓடும். வழியில் கோர்மத்தேன் மாளிகை, தெஸே ஊர். இரண்டு பக்கமும் குன்றுகள், மேலே ப்ராங்சியோன் கோட்டை. கணவர் அங்கே ஏறிவிட்டு வரலாம்.

க்ளுனியிலிருந்து மாக்கோன் பக்கம் தொடர்ந்தால் புவா கிளேர் சுரங்கம் வரும், 1.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். நீங்கள் போவது அந்த விளிம்பில், அதனால் திறந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மூடியிருந்தால் கணவாய் மேல் ஏறித்தான் தாண்ட வேண்டும், அது அப்பாவுக்கு வேண்டாம்.

ஒற்றைப்பல்சக்கரம் எழுதியது:

கணவர் பக்கமும் ஒருத்தி பேச வேண்டும் இல்லையா! நான் மலை ஏறுகிறவள், அதனால் அவர் மனசு எனக்குப் புரியும். மலையே வேண்டும் என்று நீங்களே சொல்வதால் பூர்கோஞ் குன்றுகள் அவருக்குப் போதாது. ஆர்தெஷ் போங்கள்.

லு ஷெய்லார் வரை உங்களோடு வந்துவிட்டு அவர் தோர்னாஸ் வழியாக மெசிலாக் கணவாய்க்குத் திரும்பட்டும். 1,119 மீட்டர், லு ஷெய்லாரிலிருந்து இருபது கிலோமீட்டர் போல. இன்னும் தெம்பு இருந்தால் லஷாம்-ரஃபாயெல், அது 1,330 மீட்டர், அதைத் தாண்டி ஷெர்பியே தெ ஷோன்க். 1,551 மீட்டர் உயர எரிமலைக் கூம்பு அது. அதன் அடிவாரத்தில்தான் பிரான்சின் மிக நீளமான ஆறான லுவார் பிறக்கிறது. கடலைச் சேர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடப்போகிற தண்ணீர் அங்கே ஒரு குழாயளவு வழிந்துகொண்டிருக்கும். இன்னொரு நாள் லமாஸ்த்ர் பக்கமிருந்து ப்யூய்சோன் கணவாய், 920 மீட்டர். ஜூன் மாதம் நடக்கும் ஆர்தெஷுவாஸ் சைக்கிள் ஓட்டத்தில் வருகிறவர்கள் நன்றாக அறிந்த சாலைகள் இவை. 1992இல் சேன்-ஃபெலிசியானில் தொடங்கிய ஓட்டம் அது. ஒரு நாள் சின்னச் சுற்றிலிருந்து பல நாள் சுற்று வரை இருக்கும், வழியெல்லாம் ஊர்க்காரர்கள் மஞ்சளும் ஊதாவுமாக அலங்கரித்து வைப்பார்கள். அடுத்த ஜூனுக்கு அவர் காதில் போட்டு வையுங்கள்.

மேட்டு நிலத்தில் வடக்குக் காற்று கடுமை. ஏறும்போது வேர்த்த பனியனோடு அப்படியே இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. முழுவிரல் கையுறையும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் முதுகுப்பையில் இருந்தே ஆக வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆர்தெஷ் என்றே முடிவு செய்துவிட்டோம். அந்தத் திரும்பும் வழி விஷயத்தைப் படித்ததும் அப்பாவுக்கே வாசித்துக் காட்டினேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவருக்கு மின்சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் ஒரே பிடிவாதம். ‘மோட்டார் வைத்து ஓட்டுவது சைக்கிளா’ என்கிறார். அப்புறம் சாப்பாடு, ரயில், இதற்கும் வழி சொல்லுங்கள். கார் எடுக்காமல் போகப் பார்க்கிறோம்.

மேட்டுவழி எழுதியது:

அப்பாவிடம் வெலோசியோ கதையைச் சொல்லுங்கள். பால் தெ விவி என்று பெயர், 1853இல் பிறந்தவர். எங்கள் பக்கத்து சேந்த்-எத்தியெனில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர், வெலோசியோ அவர் புனைபெயர். மலை ஏற கியர் வேண்டும் என்று ஆயுசு முழுக்க வாதாடினார். அன்றைக்கு கியர் மாற்றுவதையே பலவீனம் என்று பேசினார்கள். தூர் தெ பிரான்ஸ் பந்தயத்திலேயே டெரெய்லர் கியரை (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியர்) 1937 வரை அனுமதிக்கவில்லை. இன்று கியர் இல்லாத பந்தய சைக்கிளை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? மின்சைக்கிளும் அப்படி ஒரு கருவிதான். இங்கே சட்டப்படி அதன் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகத்தில் விட்டுவிடும். அவர் மிதிக்காமல் அது போகாது.

அதற்கும் இறங்கிவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். லு ஷெய்லார் வரை மோட்டார் இல்லாமலே போகலாம், குறைந்த கியர் உள்ள சைக்கிள் இருந்தால் போதும். முன் பல்சக்கரத்தில் 26 பல், பின் பல்சக்கரத்தில் 36 பல் என்று இருந்தால் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும், முழங்காலில் சுமையே விழாது. மேலே சேன்-அக்ரேவ் வரை போக ஆசைப்பட்டால் மட்டும் மின்சைக்கிள் பற்றி மறுபடி பேசுங்கள். அந்த ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, கடைசிப் பகுதி இரண்டு, இரண்டரை சதவீதம் விடாமல் ஏறும். லமாஸ்த்ர் கிளையும் ஒரு மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறது, அதனால் அங்கே நான் சொன்ன திரும்பும் கணக்கு செல்லாது.

சாப்பாடு: அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் இதை அலட்சியம் பண்ணாதீர்கள். கிராமங்களில் கடை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் பிற்பகலில்தான் திறக்கும். உணவகத்தில் ஒன்றரைக்கு மேல் போய் மதியச் சாப்பாடு கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஞாயிறு பிற்பகலும் திங்களும் இன்னும் மோசம். காலையிலேயே ரொட்டி, சீஸ், பழம் வாங்கி எல்லோர் பையிலும் பிரித்துப் போடுங்கள், ஒருவர் பையில் மட்டும் வேண்டாம். நீங்கள் பிரிந்து பிரிந்து ஓட்டப்போகிறீர்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலுக்குப் பக்கத்தில் குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாபிள்’ என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள்.

ரயில்: எய்ரியூ பள்ளத்தாக்குக்குள் பயணி ரயில் கிடையாது. லியோனிலிருந்து வட்டார ரயிலில் வலான்ஸ் வந்து, ‘வியாரோனா’ சைக்கிள் பாதையில் ரோன் ஆற்றோடு தெற்கே இருபது கிலோமீட்டர் போல வந்தால் லா வூல்த். சமதளம், முதல் நாள் உடம்பு பழக நல்லது. தூரம் அதிகம் என்றால் லிவ்ரோன் வரை ரயிலில் வாருங்கள், ஆற்றைத் தாண்டினால் லா வூல்த். சில பெட்டிகளில் சைக்கிளைக் கொக்கியில் செங்குத்தாகத் தூக்கி மாட்ட வேண்டும். அப்பாவுக்கு மின்சைக்கிள் எடுப்பதாக இருந்தால் லியோனிலிருந்து கொண்டுவர வேண்டாம், 25 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்குவது பெரும்பாடு. இங்கே வந்து வாடகைக்கு எடுங்கள்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலையுதிர் காலத்தில் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று செவென் மலையில் மோதி ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். எய்ரியூ சட்டென்று பொங்கும் ஆறு. வானிலை நிலையமான மெத்தேயோ பிரான்ஸின் எச்சரிக்கை ஆரஞ்சு என்று வந்தால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம், ஆற்றோரம் இறங்கவும் வேண்டாம். நாலைந்து நாளில் ஒரு நாள் இதற்கென்று விட்டு வையுங்கள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகாததால் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். மற்றவர்களும் போடுங்கள். ஊருக்கு வெளியே இருட்டிலோ பனிமூட்டத்திலோ ஓட்டினால் பளிச்சிடும் மேல்சட்டை எல்லோருக்கும் கட்டாயம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அன்றிலிருந்தே மாலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் குறைந்துவிடும். விளக்கு சுரங்கங்களுக்கும் வேண்டும்.

கடைசியாக அப்பாவின் முழங்கால். இருக்கை தாழ்வாக இருந்தால் எவ்வளவு இதமான பாதையிலும் முழங்கால் வலிக்கும். வாடகைக் கடையில் அவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் இருக்கையை ஏற்றச் சொல்லுங்கள். நீங்களே பார்த்து உறுதி செய்யாமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள்.